குழாய்க்கு எடுத்த அளவு

என் தம்பி பெண்டாட்டியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேப்பு என்றால்தான் தெரியும். தையல்காரி. கழுத்தில் அளவு டேப்பு தொங்காமல் அவளை நான் பார்த்ததே இல்லை. குளித்துவிட்டு வந்தால் தலை காய்வதற்குள் டேப்பு கழுத்துக்கு வந்துவிடும். அவள் தையலில் நான் குறை சொல்ல மாட்டேன், அதில் ஒரு பிசிறு இருக்காது. மற்றபடி எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நாத்தனார் என்றால் அப்படித்தான் பேசுவாள் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அவளிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. எதையும் அதன் பாட்டுக்கு விடமாட்டாள். ஏன், ஏன் என்று குடைந்துகொண்டே இருப்பாள். ஒரு தடவை என் வீட்டு ஜன்னல் திரை ஒரு ஓரம் மட்டும் வெளுத்துப்போனது. துணி என்றால் வெளுக்கத்தான் செய்யும், விடு என்றேன். விட்டாளா? வேலை ஒழிந்த நேரமெல்லாம் வந்து என் ஜன்னல் முன்னால் நின்றாள். கடைசியில், எதிர்வீட்டு மாடியில் புதிதாகப் போட்ட தகரத்தில் வெயில் பட்டுத் திரும்பி என் ஜன்னலுக்கு வருகிறது என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? திரை வெளுத்தது வெளுத்ததுதான். ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, ஏதோ புதையல் எடுத்தவள் மாதிரி இருந்தாள்.

என் தம்பி அதற்கு நேர் எதிர். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. விவசாயிகள் சங்கத்தின் டிராக்டரை ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்ணில் படலம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பார்வை முன்னைவிடத் தெளிந்துவிட்டது என்று அவனுக்கு ஒரு பெருமை. டேப்புக்கோ கிட்டத்தில் பார்வை குறைந்துகொண்டே வந்தது. ஊசியில் நூல் கோக்க எச்சில் தொட்டுத் தொட்டு நாக்கு வறண்டுவிடும். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவன் உட்கார்ந்து அவளுடைய ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து, ஊசிமெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவான். கொஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் கொஞ்சல் என்றால் அந்த ஊசிமெத்தைதான்.

சங்கத்துக்கு மருந்துத் தெளிப்பான் ஒன்று உண்டு. என் வீட்டை ஒட்டிய கொட்டகையில்தான் நிற்கும். டிராக்டருக்குப் பின்னால் ஒரு டேங்கு; டேங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் நீளக் குழாய். நடுத்துண்டு அசையாது. இரண்டு கையும் ரோட்டில் போகும்போது மடங்கிக்கொள்ளும். மடங்குகிற இடத்தில் முழங்கால் மாதிரி ஒரு கீல் துருத்திக்கொண்டிருக்கும். குழாய் நெடுக நாசில்கள். ஒவ்வொரு நாசிலும் மருந்தை விசிறி போல விரித்து அடிக்கும். ஒரு விசிறியின் ஓரம் பக்கத்து விசிறியின் மேல் படவேண்டும். அப்போதுதான் வயல் முழுக்க ஒரே சீராக மருந்து விழும். இடைவெளி குறைந்தால் அந்த இடத்தில் பயிர் வெந்துபோகும், கூடினால் களை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், டேப்பு சொல்லிச் சொல்லியே என் காது புளித்துவிட்டது.

இந்த வருஷம் சங்கத்தில் புது நாசில்கள் வாங்கினார்கள். பழையவை இருந்த இடம் புதியவற்றுக்கு ஒத்துவராது, அரை மீட்டருக்கு ஒன்று என்று மாற்றிப் பூட்டவேண்டும். அளந்து பூட்டுவது யார் என்று பேச்சு வந்தபோது, அளவு என்றால் டேப்புதானே என்று சங்கத் தலைவரே சொல்லிவிட்டார். கூப்பிட்டால் போதும் என்று காத்திருந்தவள் போல ஓடினாள். பல நாளாக அவளுக்கு அந்த இயந்திரத்தின் மேல் கண்.

நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். நாசில்களைக் குழாயோடு பிடித்திருந்த கிளாம்புகளை ஸ்பேனரால் தளர்த்தினாள். கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸால் குழாயில் ஒவ்வொரு இடமாக அடையாளம் போட்டாள். குழாய்க்கு ரவிக்கை தைக்கப் போகிறாயா என்று கேட்டேன். அளவு கொடுக்க வந்தால் அசையாமல் நிற்கிறதே, உங்களை விட எவ்வளவோ தேவலாம் என்றாள். வாய்க்குக் குறைவில்லை. ஒரு நாசில் விடாமல் அளந்தாள், அளந்ததைத் திருப்பி அளந்தாள். முடிந்தபோது இரண்டு ஓரத்திலும் குழாய் முனை கூடுதலாக நீட்டிக்கொண்டு நின்றது. இது என்ன மிச்சம் என்று நான்தான் கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, நாம் தையலுக்குத் துணி விடுவதில்லையா, அந்த மாதிரி விட்டிருப்பார்கள் என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

தலைவருடைய மக்காச்சோள வயல்தான் முதலில் தயாராக இருந்தது. தம்பி ஓட்டினான். குழாயின் இரண்டு முனையிலும் ஒரு சங்கிலி தொங்கும். அது மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே போகும். திரும்பி வரும்போது அந்தக் கோட்டின் மேலேயே சங்கிலியை விட்டு ஓட்டவேண்டும். அது கண் வேலை. அவன் அதைச் செய்துவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்கினான்.

களைக்கொல்லி வேலை செய்ததைப் பார்க்கச் சில நாள் ஆகும். ஆனபோது தலைவர் வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, அதுதான் இன்னும் மோசம். வயல் முழுக்கப் பட்டை பட்டையாக இருக்கிறது என்றார். ஒரு பட்டையில் களை அப்படியே நிற்கிறது. ஒரு பட்டையில் சோளமே மஞ்சளாகிவிட்டது. தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு நல்லா ஓட்டினவருதான்ம்மா. ஆனா கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு. கோடு தெரிஞ்சிருக்காது. அடுத்த வயலுக்கு வேற ஆளைப் போடலாம்னு நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."

எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தம்பி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் நான் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைவர் போனதும் அவன் தன் சட்டைப்பையிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். "அவருகிட்ட குடுத்துடுக்கா. அவரு சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றான். அவனுக்கே தன் கண்ணில் நம்பிக்கை போய்விட்டது. ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது, வேறு எதுவும் பிடிக்காது. சாவி கை மாறினால் அது திரும்பி வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாங்கி என் சமையலறை ஆணியில் மாட்டினேன். வேண்டுமென்றால் அவர்களே வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து டேப்பின் ஊசிமெத்தையில் ஊசிகள் மொட்டையாக நின்றன. ஏன் என்று நான் கேட்டதற்கு, என் கண்ணை நம்பி இனி எதுவும் வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டானாம். தன் கையால் ஒரு நூலைக் கோக்கப் பார்த்து, தவறி, மறுபடி தவறி, ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, அண்ணி, வயலைப் பார்த்துவிட்டு வரலாம் வாருங்கள் என்றாள். வயலில் என்ன பார்க்க இருக்கிறது, பட்ட அவமானம் போதாதா என்று சொல்லிக்கொண்டேதான் நானும் போனேன்.

வயலுக்குக் குறுக்கே நடந்தோம். களைப் பட்டை ஒன்று வந்தது. கொஞ்சம் நடந்தால் மஞ்சள் பட்டை. பிறகு நல்ல பயிர். மறுபடி மஞ்சள். மறுபடி களை. கடைசி வரை இதே முறைதான், ஒன்றுகூட மாறி வரவில்லை. டேப்பு ஒரு களைப் பட்டையில் குந்தி உட்கார்ந்து, வரப்பு முனை வரை கண்ணை ஓடவிட்டாள். அவ்வளவு நேரம் பார்த்தாள், எனக்குக் கால் கடுத்துவிட்டது.

"அண்ணி, கண்ணு தெரியாதவர் ஓட்டினா பட்டை கோணலா போகாதா? இதப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

அட, ஆமாம் என்று எனக்கும் தோன்றியது. அதோடு, கோட்டை விட்டுவிட்டு ஓட்டினால் களை நிற்கும், சரி. மஞ்சள் எங்கிருந்து வந்தது? அதுவும் இரண்டு களைப் பட்டைக்கு நடுவே இரண்டு என்று கணக்காக? அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கும் அந்த ஏன் தொற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது கூட அந்த மஞ்சள் பட்டைதான் மண்டைக்குள் ஓடியது. இவளோடு பழகினால் இப்படித்தான் ஆகும்.

அடுத்த நாள் அவள் என் வீட்டிலிருந்து டம்ளர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நாசிலுக்குக் கீழும் ஒரு டம்ளர் வைத்து, எது கூட ஊற்றுகிறது, எது குறைய ஊற்றுகிறது என்று பார்க்கவேண்டுமாம். விஷம் அடிக்கிற இயந்திரத்துக்கு நான் காபி குடிக்கிற டம்ளரா என்று கத்தினேன். டேங்கைக் கழுவியாயிற்று, வெறும் தண்ணீர்தான் என்றாள். ஆணியிலிருந்த சாவியை அவளே எடுத்து, அவளே மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீரை டம்ளர்களில் பிடித்துப் பார்த்தாள். எல்லா டம்ளரிலும் ஒரே மட்டம். நாசிலில் கோளாறில்லை. குழாய் தரையிலிருந்து நிற்கிற உயரத்தை அளந்தாள். அதிலும் கோளாறில்லை. டேப்பைப் பிடித்து இடைவெளிகளை மறுபடி ஒன்றொன்றாக அளந்தாள். எல்லாம் அரை மீட்டர், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போது அவள் முகம் வாடிவிட்டது. இயந்திரத்தில் தப்பில்லை என்றால் தப்பு யாருடையது என்று ஆகிறது, பாருங்கள்.

ஆனாலும் விடவில்லை. என் வாசலில் பெரிய சிமெண்டுக் களம் இருக்கிறது. நல்ல வெயிலில் அதன் மேல் தண்ணீரை அடித்துக்கொண்டே டிராக்டரை ஓட்டினால், எங்கே அதிகம் விழுந்ததோ அது கடைசியில் காயும், எங்கே குறைவோ அது முதலில் காயும், துணியைக் காயப்போட்டால் மடிப்பு மட்டும் ஈரமாக நிற்பதில்லையா என்றாள். நியாயம்தான். ஆனால் நேராக ஓட்ட ஆள் வேண்டும். தம்பி மாட்டேன் என்றான். நான் போய், பெரியவள் சொல்கிறேன், இந்த ஒரு தடவை ஏறு, அப்புறம் சாவியை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அதட்டினேன். ஏறினான். களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டி நிறுத்திவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

களம் காய்வதை நீங்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றுதான் பார்த்தேன். முதலில் எல்லாம் ஒரே கறுப்பு. பிறகு அங்கங்கே வெளுக்க ஆரம்பித்தது. வெளுத்து வெளுத்து, கடைசியில் இரண்டே இரண்டு ஈரப் பட்டைகள் நின்றன. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, களத்தின் நீளத்துக்கும் ஓடின. டேப்பு ஈரப் பட்டையின் மேலேயே நடந்து போய், டிராக்டர் நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். தலைக்கு நேர் மேலே கீல்.

கீலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாசில், அந்தப் பக்கம் ஒரு நாசில். இரண்டுக்கும் நேர் கீழே தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். புள்ளிகளுக்கு நடுவே டேப்பைத் தரையில் படுக்கவைத்து அளந்தாள். அரை மீட்டர் வரவில்லை, ஏறக்குறைய ஒரு சாண் குறைந்தது. எழுந்து மேலே குழாயில் அளந்தாள். அரை மீட்டர் டாணென்று வந்தது. எனக்குத் தலை சுற்றியது. அதே இரண்டு நாசில், அதே டேப்பு, மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. இது என்ன கண்கட்டு வித்தை?

அவள் டேப்பைக் குழாயில் பிடித்தபடியே நின்றாள். அப்போது நானும் பார்த்துவிட்டேன். டேப்பு நேராகப் போகவில்லை. குழாயோடு போய், கீலின் மேட்டில் ஏறி, வளைந்து, இறங்கி, மறுபடி குழாயோடு ஒட்டிப் போனது. அவள் கட்டைவிரல் தன்னையறியாமல் அதை அந்த மேட்டில் பதித்துப் பிடித்திருந்தது. இடுப்பு, தோள், மார்பு என்று இத்தனை வருஷம் வளைவோடு வளைவாக அளந்து பழகின விரல் அது.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "நான் இதுக்கு உடம்பளவு எடுத்திருக்கேன்."

மருந்து உடம்பைச் சுற்றிப் போகாது, நேராகக் கீழே விழும். மேட்டில் ஏறி இறங்கினதில் டேப்பு ஒரு சாணைத் தின்றுவிட்டது. கீலுக்கு அடியில் இரண்டு விசிறியும் நெருங்கி அடித்ததில் சோளம் வெந்தது. அங்கே தின்ற சாண்தான் ஓரத்தில் மிச்சமாக நின்றது. தையலுக்கு விட்ட துணி என்றாளே, அதுதான். அந்த ஓரத்துக்கு மருந்து எட்டவில்லை, களை நின்றது. அவன் சங்கிலியைக் கோட்டின் மேல் பிசகாமல் விட்டு ஓட்டியிருக்கிறான். அவன் ஓட்டம் சரியாக இருந்ததால்தான் களை நின்ற பட்டையும் அவ்வளவு நேராக நின்றது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, பயம். அவனும் ஸீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், இவள் நாசிலை நகர்த்திப் பூட்டிவிட்டால் அடுத்த வயல் நன்றாக வந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் அடுத்த வயலை ஓட்டப்போவது வேறு ஆள். வேறு ஆள் ஓட்டியதும் சரியாகிவிட்டது பார் என்று ஊர் சொல்லும். நான் இதையெல்லாம் எண்ணி முடிப்பதற்குள் அவள் சொன்னாள், அண்ணி, தலைவரைக் கூப்பிடுங்கள், கூட யார் யார் இருக்கிறார்களோ எல்லாரையும் கூப்பிடுங்கள்.

வெயில் இறங்குவதற்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் மறுபடி களத்தை நனைத்தோம், மறுபடி அந்த இரண்டு பட்டையும் நின்றன. மேலே அளந்து காட்டினாள், கீழே அளந்து காட்டினாள்.

"ஓட்டினவர் மேல தப்பு இல்லைங்க. அளந்தவ மேலதான் தப்பு. அளந்தது நான்."

தலைவர் காய்ந்த தரையையும் ஈரத் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். என் பயிர் போனது போனதுதானே அம்மா என்றார். மஞ்சளானதைத் திருப்ப முடியாது, களை நிற்கிற பட்டைகளை நானே வந்து கையால் பிடுங்கித் தருகிறேன் என்றாள். சரி, இனி அளக்க யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். அவள் உள்ளே போய், துணி வெட்டுகிற மேசையில் கிடக்கிற நீள மரஸ்கேலை எடுத்துவந்தாள். நான்தான் அளப்பேன், இது வளையாது என்றாள். தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடமிருந்த சாவியைக் கேட்டு வாங்கி, தம்பியிடம் தானே கொடுத்தார். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

எல்லாரும் போன பிறகு தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"இத்தனை நாளா ராத்திரி ஒரு கண்ண மூடி மூடி சுவத்துல இருக்கிற காலண்டரப் பாத்துக்கிட்டிருந்தேன். குருடாகப் போறேன்னு நெனச்சுட்டேன்டி."

"தெரியும்" என்றாள் அவள். "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. படவேண்டிய கோபம்தான் அது, நான் நடுவில் புகவில்லை. அவளும் சமாதானம் சொல்லிக்கொண்டு பின்னால் போகாமல், ஸ்கேலும் ஸ்பேனருமாகக் கொட்டகையில் உட்கார்ந்து எல்லா நாசிலையும் மாற்றிப் பூட்டினாள். ஓரத்து மிச்சம் குறைந்து சரியான இடத்துக்கு வந்தது.

மறுநாள் காலையில் என் டம்ளர்களைத் திருப்பி வாங்கப் போனேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான். டேப்பு தையல் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. ஊசிமெத்தையில் ஓர் ஊசி பாக்கியில்லாமல் நூல் கோத்து நின்றது. மிஷின் ஊசியில்கூடக் கோத்திருந்தான். எல்லாம் கறுப்பு நூல்.

"தைக்கிறது முழுக்க வெள்ளைத் துணி, அண்ணி. மனுஷனுக்கு அதுகூடத் தெரியல" என்றாள்.

உருவிவிட்டு வெள்ளையைக் கோத்துக்கொள்ள வேண்டியதுதானே, நான் வேண்டுமானால் கோத்துத் தருகிறேன் என்றேன்.

"உருவ மாட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைக்கிறதுக்குக் கறுப்புத் துணி எதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள்.

என் வீட்டில் கறுப்புக் குடை ஒன்று வெகு நாளாகக் கிழிந்து கிடந்தது. டம்ளர்களை அங்கேயே வைத்துவிட்டு, போய் அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.